மனுவில் முதல் கையெழுத்து யாருடையது? களப்பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சமூகப்பணிப் படிப்பை முடித்தவர்கள், ஏதோ ஒரு போராட்டத்தைப் பார்த்து மனசு கொதித்தவர்கள், நகரத்து வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் எனப் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எங்கிருந்து தொடங்குவது? தமிழ்நாட்டுக் கிராமங்களில் மக்களைத் திரட்டும் வேலையை மனதில் வைத்து, அதற்கான பதிலை எழுதுகிறேன். நகரத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். குழாயில் தண்ணீர் வராத தெருவுக்குத் தண்ணீர் லாரியை வரவழைப்பது தொண்டு. தண்ணீர் ஏன் வரவில்லை என்று அந்தத் தெருவே சேர்ந்து ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேட்கும் நிலைக்குக் கொண்டுவருவது அமைப்பாளரின் வேலை. தாகத்தில் இருப்பவருக்கு லாரியும் தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லாரியை வரவழைத்தவர் ஊரை விட்டுப் போனதும் அடுத்த கோடையில் தெரு மறுபடியும் காய்ந்து நிற்கும். எழுதுகிற ஒவ்வொரு மனுவிலும் முதல் கையெழுத்து அந்த ஊர்க்காரருடையதாக இருக்க வேண்டும், உங்களுடையதாக இருக்கக் கூடாது. கீழே சொல்லப் போகிற எல்லாமே அதற்கான ஏற்பாடுகள்தான். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் காகிதம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

முதல் சில மாதங்கள்

போன உடனே கூட்டம் போடாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஊரைக் கேட்பதற்கு ஒதுக்குங்கள். பகல் 11 மணிக்குப் போனால் வயதானவர்களையும் வேலைக்குப் போகாத சிலரையும்தான் பார்ப்பீர்கள். விடியற்காலையில் பால் ஊற்றும் இடம், பிறகு குழாயடி, வேலைக்கு ஆள் ஏற்றும் வேன் வந்து நிற்கும் முனை, ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் வீட்டு வாசல், இந்த நேரங்களில்தான் ஊர் கண்ணுக்குத் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்தால் ஆண்களின் ஊர் மட்டுமே தெரியும். பெண்களின் ஊரைக் குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும்தான் பார்க்க முடியும். மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல்காரர் வரும் கிழமை எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு யாரும் நிம்மதியாகப் பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

"உங்க ஊர்ல என்ன பிரச்சினை?" என்று கேட்டால், உங்களை அரசாங்க ஆள் என்றோ தொண்டு நிறுவன ஆள் என்றோ நினைத்துக்கொண்டு வீடு, கடன், முதியோர் பென்ஷன் என்று பட்டியல் சொல்வார்கள். "நேத்து எந்த வேலைக்குப் போனீங்க? என்ன கூலி கொடுத்தாங்க? பாப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவீங்க? பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். அந்தப் பதில்களுக்குள்ளேயே பிரச்சினை இருக்கும், அது யாரை எப்படி அழுத்துகிறது என்பதும் இருக்கும். கையில் நோட்டை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், ராத்திரி வந்து எழுதிக்கொள்ளலாம். யாரிடமும் ஆதார் நகல் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் ஏதோ வரப் போகிறது என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

உங்களிடமும் மூன்று கேள்வி வரும். யார் அனுப்பினாங்க, எந்தக் கட்சி, என்ன ஆளுங்க? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லிவிடுங்கள். சாதியைக் கேட்பது பிடிக்கவில்லை என்று நழுவினால், நழுவியதை வைத்தே கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆதிக்கச் சாதியில் பிறந்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள், காலனியில் பெரியவர்களை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று ஊர் கவனிக்கும். ஊர்த்தெருச் சிறுவன்கூட வாடா போடா என்று கூப்பிடுகிற எழுபது வயது மனிதரை நீங்கள் "ஐயா, உட்காருங்க" என்று சொல்வதே பல இடங்களில் முதல் அரசியல் வேலை.

ஊரின் படம் ஒன்றைக் கையாலேயே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டி எங்கே, ரேஷன் கடை எந்தத் தெருவில், அங்கன்வாடி எங்கே, சுடுகாட்டுக்குப் பாதை எப்படிப் போகிறது, தார்ச்சாலை எந்த வீட்டோடு முடிகிறது என்று எல்லாவற்றையும் குறியுங்கள். வரைந்து முடித்ததும் ஊரின் சாதி அமைப்பு தானாகவே தாளில் தெரியும். சாலை முடியும் இடத்திலிருந்துதான் பெரும்பாலும் காலனி தொடங்கும்.

எங்கே உட்காருவது

புதியவர்கள் அதிகம் யோசிக்காமல் விட்டுவிடும் விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊரின் கோயில் வாசலிலோ மந்தையிலோ கூட்டம் போட்டால் எல்லாரும் வருவார்கள் என்று தோன்றும். காலனிக்காரர்கள் வர மாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். வந்து நின்றதால் நாளைக்கு வேலை போனாலும் போகும். காலனியில் கூட்டம் போட்டால் ஊர்த்தெருக்காரர்கள் வர மாட்டார்கள். பள்ளிக்கூடத் திண்ணை, நூலகக் கட்டடம், ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்கள் தேறும். ஆனால் அங்கேயும் யார் நாற்காலியில், யார் தரையில் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். அதனால் எல்லாருக்கும் ஒரே ஜமக்காளம் விரியுங்கள். நாற்காலியே வேண்டாம். முட்டி வலிக்கும் பெரியவருக்கு மட்டும் நாற்காலி கொடுங்கள், அவர் எந்தத் தெருக்காரர் ஆனாலும்.

எல்லாரையும் முதல் நாளே ஒன்றாக உட்கார வைத்துவிட வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். இருந்தாலும் என் கருத்து வேறு. மிகவும் ஒடுக்கப்பட்டவர்கள் முதலில் தங்களுக்குள் தனியாகக் கூடிப் பேசிப் பழக வேண்டும். அவர்களுக்குக் குரல் வருவதற்கு முன்பே பொதுக்கூட்டம் போட்டால், அதில் ஊர்த்தெருவின் குரல்தான் ஊரின் குரலாகப் பதிவாகும். பெண்களுக்கும் இதே கதைதான். கணவரும் மாமனாரும் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் சாராயக் கடையைப் பற்றி எந்தப் பெண் பேசுவார்? தனியாகப் பேசட்டும், அப்புறம் பொதுவில் பேசுவார்கள்.

சாதி வன்கொடுமை நடந்தால் சமரசம் பேசி வைக்கச் சொல்லி உங்களிடமே வருவார்கள். நீங்கள் நடுநிலை ஆள் அல்ல என்பதை அப்போது தெளிவாகக் காட்ட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி இதை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு அரசு நிவாரணம் தர வேண்டும். புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று பாதிக்கப்பட்ட குடும்பம்தான் முடிவெடுக்கும். கொடுப்பதானால் யார் துணைக்கு வருவார்கள், வேலையும் கூலியும் நின்றுபோனால் அந்த மாதம் அடுப்பு எப்படி எரியும் என்பதையெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து யோசித்துவிட்டுக் காவல் நிலையத்துக்குக் கிளம்புங்கள்.

முதல் கோரிக்கை

ஊருக்கு நூறு பிரச்சினை இருக்கும். அதில் பெரியதை முதலில் எடுக்காதீர்கள். வீட்டுமனைப் பட்டா, நில மீட்பு இதெல்லாம் வருடக்கணக்கில் இழுக்கும். முதல் கோரிக்கையிலேயே இழுத்தடிக்கப்பட்டால் "இவங்களாலயும் ஒன்னும் ஆகல" என்று சங்கம் கலைந்துவிடும்.

தெருவில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தொடுகிற, இரண்டு மூன்று மாதத்தில் முடியக்கூடிய, பொறுப்பான அதிகாரி யாரென்று விரல் நீட்டிக் காட்ட முடிகிற பிரச்சினையாகப் பாருங்கள். எரியாத தெருவிளக்கு, சொன்ன நாளில் திறக்காத ரேஷன் கடை, நின்றுபோன மினி பஸ், முள் மண்டிய சுடுகாட்டுப் பாதை. தெருவையே இரண்டாகப் பிளக்கிற விஷயத்தை, உதாரணமாகப் பக்கத்து வீட்டுக்காரரின் ஆக்கிரமிப்பை, எடுக்கவே எடுக்காதீர்கள்.

எது முக்கியம் என்பதை மக்கள் சொல்வதில் நீங்கள் எதிர்பாராதது வரலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுக்காகத்தான் தொடங்கியது. அங்கே பெண்களிடம் பற்றிக்கொண்டது சைக்கிள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, அறிவொளிக் கூட்டத்துக்கு வரப் பஸ்ஸுக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் இயக்கத்தினரும் "இது எங்கள் திட்டத்தில் இல்லையே" என்று ஒதுக்காமல் அதன் பின்னால் போனார்கள். புதிதாக வருகிறவருக்கு வேண்டிய குணம் இதுதான்.

வாசல் கூட்டம்

மைக் வைத்த கூட்டம் பிறகு. முதலில் ஒரு வீட்டு வாசலில் எட்டுப் பத்துப் பேர். அந்த வீட்டம்மாவே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிக் கூப்பிடட்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்களைத் திரட்டிய சீசர் சாவேஸ், ஃப்ரெட் ராஸ் என்ற அமைப்பாளரிடம் 1950-களில் கற்றுக்கொண்டதும் இந்த வீட்டுக்கூட்ட முறையைத்தான். சின்னக் கூட்டத்தில் பேசாமல் ஒளிந்துகொள்ள முடியாது. ஒவ்வொருவரும் ஒரு வாக்கியமாவது சொல்லிவிடுவார்கள்.

கூட்டத்தில் நீங்கள் பேசும் நேரம் மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. யாராவது "நீங்களே சொல்லுங்க சார், என்ன செய்யலாம்" என்று கேட்டால், "போன தடவை தண்ணி வராதப்ப என்ன செஞ்சீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். கலைவதற்கு முன் மூன்றே விஷயம் முடிவாக வேண்டும்: அடுத்து என்ன செய்வது, யார் செய்வது, எந்த நாளுக்குள்.

தலைமைக்கு ஆள் தேடும்போது நன்றாகப் பேசுகிறவரிடம் மயங்கிவிடாதீர்கள். தெருவில் பிரசவ வலி வந்தால் யாரை எழுப்புகிறார்கள், சண்டை வந்தால் யார் வீட்டுக்கு ஓடுகிறார்கள், படிவம் நிரப்ப யாரைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். அவர் கூட்டத்தில் வாயே திறக்காமல் கடைசியில் உட்கார்ந்திருப்பார். அவரைத்தான் தனியே சந்தித்துப் பேச வேண்டும், திரும்பத் திரும்ப.

காகிதம்

வாயால் சொன்னது எதுவும் அலுவலகத்தில் நிற்காது. மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், அதைவிட முக்கியமாகக் கற்றுக்கொடுங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். எந்த ஊராட்சி, எந்தத் தெரு, எத்தனை குடும்பம், எப்போதிலிருந்து, என்ன வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த நகல்களுக்கென்று ஒரு கோப்பு, அந்தக் கோப்புக்கென்று ஒரு தகரப் பெட்டி. பெட்டி ஊர்க்காரர் வீட்டில் இருக்க வேண்டும்.

யாரிடம் போவது என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். தெருவிளக்கு, குடிநீர், தெருச் சாலைக்கு ஊராட்சித் தலைவரும் செயலரும். அங்கே நடக்கவில்லை என்றால் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்). நிலம், பட்டா, சான்றிதழ் எல்லாம் வருவாய்த் துறை: வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) என்று மேலே போகும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். அங்கே தரும் மனுவுக்கு எண் கொடுப்பார்கள், அதை வைத்துத் தொடரலாம். 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்துக்கும் புகார் சொல்லலாம். கோடையில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைக்கு வரும். நிலப் பிரச்சினை உள்ள ஊர் அந்த நாளைத் தவறவிடவே கூடாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், இது பல மாவட்டங்களில் இருக்கிற நிலைமை. ஆதிதிராவிடர் நலத் துறை மூலம் பல வருடம் முன்பு வீட்டுமனைப் பட்டா கொடுத்திருப்பார்கள். தாள் கையில் இருக்கும், மனை எது என்று அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். சில இடத்தில் அந்த நிலத்தில் வேறொருவர் பயிர் வைத்திருப்பார். இதற்கு முதல் வேலை போராட்டம் அல்ல. பெட்டிகளில் மடித்து வைத்திருக்கும் பட்டாக்களை வெளியே எடுத்து, சர்வே எண்களை ஒரே தாளில் எழுதிச் சேர்ப்பதுதான். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் இறந்துவிட்டார்கள், வாரிசு யார், எவ்வளவு நிலம் என்று தாளில் வந்ததும் மக்களுக்கே விஷயத்தின் அளவு புரியும். அப்புறம்தான் அளந்து காட்டச் சொல்லி எல்லாருடைய கையெழுத்தோடும் தனி வட்டாட்சியருக்கு மனு.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. "ஏன் அளந்து தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இன்ன சர்வே எண்ணில் பட்டா ஒப்படைப்பு ஆணையின் நகல், பயனாளிகள் பட்டியலின் நகல், நில அளவை வரைபட நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை இருக்கிறது.

நான் சொன்ன விதிவிலக்கு இங்கேதான். தகவல் கேட்டவர் யார் என்று சில மணி நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் அதே ஆட்களிடம் கூலிக்குப் போகிறவராக இருந்தால் ஆபத்து. இந்தியக் குடிமகன் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால், சிக்கலான விஷயங்களில் விண்ணப்பத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள், அல்லது வெளியூர் நண்பர் ஒருவர் பெயரில் அனுப்புங்கள். பெருமை வரும் இடத்தில் ஊர்க்காரர் முன்னால் நிற்க வேண்டும், அடி விழும் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பணியை விட்டுவிலகி ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போனவர் அருணா ராய். அவரும் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் அங்குள்ள விவசாயிகளோடும் கூலித் தொழிலாளர்களோடும் சேர்ந்து 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசு வேலைகளில் குறைந்தபட்சக் கூலி ஏன் கிடைப்பதில்லை என்று தேடப் போய், வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் எதையும் நிரூபிக்க முடியாது என்று உணர்ந்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை. பதிவேடுகளை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். இத்தகைய விசாரணைகளில் செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருப்பது வெளியே வந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 2005-இல் நாடு முழுமைக்கும் சட்டம். இதற்கெல்லாம் முன்பே, 1997-இல், தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான். ஆனால் அதில் விலக்குகள் ஏராளம், பெரிதாகப் பயன்படவில்லை. மக்கள் கூடி நின்று பெற்ற சட்டத்துக்கும் அப்படி வராததற்கும் உள்ள வித்தியாசம் என்றே இதை நான் பார்க்கிறேன்.

ராஜஸ்தானில் செய்ததை நீங்களும் செய்யலாம். தகவல் கைக்கு வந்ததும் பத்திரிகைக்காரரிடம் ஓடாதீர்கள். தெருவில் எல்லாரையும் உட்கார வைத்து, படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாட்களைச் சுவரில் எழுதி வையுங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் சபை செல்லும்.

தயாரிப்பில்லாமல் போனால் ஒரு மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் முன்பே தீர்மானத்தை எழுதித் தலைவரிடமும் செயலரிடமும் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். சபையில் யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது, மறுத்தால் யார் எழுந்து பேசுவது என்று வாசல் கூட்டத்தில் ஒத்திகை பாருங்கள். ஒத்திகை என்றால் உண்மையாகவே ஒருவர் தலைவராக நடித்து மிரட்ட வேண்டும். முதல் தடவை சிரிப்பார்கள், மூன்றாவது தடவை குரல் நிமிர்ந்துவிடும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, "அப்புறம் எழுதிக்கிறோம்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும். தீர்மான நகலையும் எழுதிக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

நகரத்தில் வேலை செய்கிறவர்கள் வார்டு குழு, பகுதி சபை இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடி நிற்கும் முனைகள்தான் அங்கே வாசல் கூட்டம். கட்டடத் தொழிலாளர்கள் அப்படிக் கூடிக் கூடித்தான் சங்கமானார்கள். 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் விடாமல் போராடித்தான் 1994-இல் அவர்களுக்கான நல வாரியம் அமைந்தது.

காவல் நிலையம்

ஆர்ப்பாட்டத்துக்குச் சில நாள் முன்பே எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். இடம், நேரம், எத்தனை பேர் என்று எழுதி, நகலில் முத்திரை. மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள், உயர்நீதிமன்றம் போக அது வேண்டும். கைது செய்தால் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டு மாலையில் விடுவார்கள். ஆனால் எப்போதும் அப்படித்தான் என்று மக்களிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்ய விதிவிலக்கான காரணமும், பெண் அதிகாரியும், நீதிபதியின் முன் அனுமதியும் வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அது கிடைக்கும். ஒரு வழக்கறிஞரின் எண்ணை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். கைபேசியைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

யார் வரலாம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கும் பையன், காவலர் தேர்வு எழுதியிருக்கும் பெண், கைக்குழந்தைக்காரி இவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். ஒரு வழக்கு ஓர் ஏழைக் குடும்பத்தின் எதிர்காலத்தையே முடக்கிவிடும்.

பணம்

மாதம் ஐந்தோ பத்தோ ரூபாய், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சந்தா வாங்குங்கள். சந்தா கொடுத்தவர் கேள்வி கேட்பார், அந்தக் கேள்விதான் சங்கம். ரசீது கட்டாயம். பொருளாளர் வேறு, பெட்டிச் சாவி வைத்திருப்பவர் வேறு. ஒவ்வொரு கூட்டமும் வரவு செலவை உரக்கப் படிப்பதில்தான் தொடங்க வேண்டும், டீச் செலவு உட்பட. காசு உங்கள் கையில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. நன்கொடை யார் கொடுத்தாலும், அவர்மேல் புகார் வந்தால் நம்மால் கேட்க முடியுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் வாழ்க்கை

இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சம்பளம் இருக்காது, அல்லது குடும்பம் நடத்தும் அளவுக்கு இருக்காது. வீட்டில் அம்மா அப்பாவிடம் நேராகப் பேசி, எத்தனை வருடம், எவ்வளவு பணத்தில் என்று தீர்மானித்துக்கொண்டு வாருங்கள். பகுதிநேரமாக ஒரு தொழில் வைத்திருப்பதில் எந்தக் கேவலமும் இல்லை, அது உங்களுக்குச் சுதந்திரம் தரும். வாரத்தில் ஒரு நாள் ஊருக்குள் போகாதீர்கள். நீங்கள் இல்லாமல் அந்த நாள் நடக்கிறதா என்பதும் அப்போது தெரியும்.

பெண் அமைப்பாளர்களுக்குக் கூடுதல் பாரம் உண்டு. ராத்திரிக் கூட்டம் முடிந்து எப்படித் திரும்புவது, எங்கே தங்குவது, ஊர் என்ன பேசும் என்று எல்லாவற்றையும் அவரே சமாளிக்க வேண்டியிருக்கும். தனியாகப் போகாமல், அந்த ஊர்ப் பெண் ஒருவரின் வீட்டில் தங்குகிற ஏற்பாட்டை அமைப்பு செய்து தர வேண்டும். அவதூறு வந்தால் மறுத்துப் பேசுவதும் அமைப்பின் வேலை, அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிடக் கூடாது.

பொறுமைக்கு இரண்டு வரலாறு சொல்கிறேன். 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சைப் பகுதியில் உள்ள கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு காந்தியவாதித் தம்பதியரான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கே வந்து தங்கினார்கள். கூட்டம் போட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. 1981-இல் உழுபவருக்கு நிலம் கிடைக்க லாஃப்டி (LAFTI) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலச் சொந்தக்காரர்களோடு பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, வழக்காடி, ஆயிரக்கணக்கான நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் எழுதப்பட்டது. இறால் பண்ணைகள் கடலோர வயல்களை உப்பாக்கியபோது அதே மக்களோடு நின்று, 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள்.

அடுத்தது தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தல் சோதனை என்ற பெயரில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் அந்த மக்களோடு நின்றன. சி.பி.ஐ. விசாரணைக்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2011-இல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். அந்தப் பெண்கள் சாட்சியில் பின்வாங்கவில்லை. அத்தனை வருடமும் மிரட்டலுக்கும் ஆசை காட்டலுக்கும் நடுவே அவர்களோடு யாராவது இருந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒரு வழக்கைத் தொடங்கி வைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களால் அவ்வளவு காலம் இருக்க முடியாது என்றால், இருக்கப் போகிற ஒருவரையும் கூட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

விலகும் நேரம்

எப்போது விலகலாம் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. நீங்கள் வராத கூட்டத்தின் குறிப்பேட்டில் முடிவுகள் எழுதப்பட்டிருக்கும். உங்கள் யோசனை ஒன்றைக் கூட்டம் விவாதித்துத் தள்ளியிருக்கும். (அன்றைக்கு மனசு கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.) பி.டி.ஓ. அலுவலகத்திலிருந்து உங்களுக்குப் பதில் சங்கச் செயலாளருக்கு போன் வரும். இதெல்லாம் நடந்தால் ஒரே நாளில் விடைபெறாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை, மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டே வாருங்கள்.

போவதற்கு முன் தகரப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேரிடமாவது விளக்கிவிடுங்கள். நிலுவையில் உள்ள மனுக்களின் எண், மேல்முறையீட்டின் கடைசித் தேதி, வழக்கறிஞர் பெயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். உங்கள் எண்ணையும் அதில் எழுதுங்கள், பட்டியலின் கடைசியில்.